பினாங்கில் ஆறு நாள்: அக்காவும் ஆனந்தரும்

முதல் நாள்

காலை கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். பட்டர்வொர்த் வந்து சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கிருந்து ஃபெரி, இரண்டு வெள்ளி. தீவு நெருங்க நெருங்க கொம்தார் கோபுரம் முதலில் கண்ணில் படும். சின்ன வயதில் அதைப் பார்த்ததும் நானும் அக்காவும் "வந்தாச்சு" என்று கத்துவோம். இந்த முறை சுற்றிப் பார்க்க வரவில்லை.

அத்தானுக்கு பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொன்னால் புரிகிறது, பதில்தான் வாயில் வராது. அக்கா ஒருத்தியாகப் பார்த்துக்கொள்கிறாள். மகளுக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, இரவு ஷிஃப்ட். போன மாதம் போனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, "ராத்திரி முழுசா தூங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாள். மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஆயர் ஈத்தாமில் ஏழாவது மாடி வீடு. வந்ததும் பேசி முடிவு செய்தோம். மாலை ஆறிலிருந்து காலை பத்து வரை அத்தான் என் பொறுப்பு, அக்கா தூங்க வேண்டும். "பகல்ல நீயும் இங்கேயே அடைஞ்சு கிடக்காதே, வெளியே போய்ட்டு வா" என்றாள். சரி என்றேன். எங்கே போவது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன்.

அப்பா எட்டு மாதம் படுக்கையில் இருந்து இறந்தார். அந்த எட்டு மாதத்தில்தான் நோயாளிகளைப் பற்றி புத்தர் சொன்னவற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீடு தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்கும் வீடு, அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் படுக்கையில் கிடப்பவரைத் தொட்டுத் துடைப்பது பற்றி இவ்வளவு நேராக, இவ்வளவு கரிசனத்தோடு பேசிய பழைய நூல்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதனால் இந்த ஆறு நாளும் பினாங்கின் புத்த கோயில்களுக்குப் போய், இரவில் அத்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறேன்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து." நோயாளி, வைத்தியர், மருந்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர். 14 மாதமாக நாங்கள் எல்லாரும் போன் செய்து அத்தானின் பிரஷர் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை மாற்றினார்களா என்று கேட்டோம். உழைச்செல்வான் எப்படி இருக்கிறாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இதை எழுதும்போது அவள் அடுத்த அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

இரண்டாம் நாள்

இரவு பெரிய சிரமம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். அலாரம் வைத்து எழுந்தேன்.

பத்து மணிக்குக் கிளம்பி கொம்தார் வரை ஒரு பஸ், அங்கிருந்து 101ஆம் எண் பஸ்ஸில் பூலாவ் தீக்குஸ். லோரோங் பர்மாவில் இரண்டு கோயில்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று பர்மியர்களின் தம்மிகாராமம், 1803இல் தொடங்கியது. பினாங்கின் முதல் புத்த கோயில் அதுதான் என்பார்கள். அங்கே புத்தர் நிற்கிறார். எதிரே தாய்லாந்து கோயில், வாட் சாயமங்களாராம், 1845. அங்கே படுத்திருக்கிறார். 33 மீட்டர் நீளம்.

நான் படுத்திருப்பவரிடம் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் தரை சில்லென்று இருக்கிறது. சுற்றுலாக் கூட்டம் கால் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. சிலையைச் சுற்றிப் பின்பக்கம் போனால் கூட்டம் இல்லை. அங்கே மாடம் மாடமாக அஸ்திக் கலசங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் போட்டோ. யாரோ ஒருவர் துணியால் ஒரு போட்டோவை மட்டும் துடைத்துவிட்டுப் போனார்.

தலைப் பக்கம் வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். படுத்த கோலத்தைப் புத்தரின் கடைசிப் படுக்கை என்றே பெரும்பாலும் கொள்வார்கள். அவருக்கு அப்போது 80 வயது. ஏற்கெனவே ஒரு மழைக்காலத்தில் கடும் நோய் வந்து மீண்டிருந்தார். பழைய வண்டியை வாரால் இழுத்துக் கட்டி ஓட்டுவது போல இந்த உடம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று, கூடவே இருந்து பணிவிடை செய்த சீடர் ஆனந்தரிடம் அவரே சொல்லியிருக்கிறார். முதுகு வலிக்கிறது, நீ போதனையைத் தொடர், நான் சற்றுப் படுக்கிறேன் என்று சீடரிடம் சொன்ன இடங்களும் சூத்திரங்களில் உண்டு. கடைசியில் சுந்தர் என்ற கொல்லர் வீட்டில் சாப்பிட்ட பிறகு இரத்தபேதி. அந்த நிலையிலேயே குசிநகரத்துக்கு நடக்கிறார். வழியில் தாகம். தண்ணீர் கேட்கிறார். இப்போதுதான் ஐந்நூறு வண்டிகள் ஓடையைக் கடந்தன, தண்ணீர் கலங்கிக் கிடக்கிறது, கொஞ்ச தூரத்தில் நல்ல ஆறு இருக்கிறது என்கிறார் ஆனந்தர். புத்தர் மறுபடியும் கேட்கிறார். மூன்றாம் முறையும் கேட்கிறார். அப்பா கடைசி வாரத்தில் இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு புத்தர் செய்ததுதான் முக்கியம். அந்தக் கொல்லர் மனம் உடைந்துபோவார் என்று அவருக்குத் தெரிகிறது. நான் போட்ட சாப்பாட்டால்தான் இப்படி ஆனது என்று அவர் தன்னையே நொந்துகொள்ளக் கூடாது, அவரிடம் போய்ச் சொல், ஞானம் பெறுவதற்கு முன் கிடைத்த உணவும் இறப்பதற்கு முன் கிடைத்த கடைசி உணவும் சமமான புண்ணியம் என்று ஆனந்தரிடம் சொல்லி அனுப்புகிறார். பேதியில் கிடக்கிற மனிதருக்கு, சோறு போட்டவரின் மனம்தான் கவலை.

மாலையில் கொப்பி குடிக்கும்போது இந்தக் கதையை அக்காவிடம் சும்மா சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நான் கருவாட்டுக் குழம்பு வெச்சேன் தம்பி" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. அத்தான் விழுந்த நாளைச் சொல்கிறாள். பிரஷர் இருக்கிற மனிதர், உப்பு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவர் ஆசையாகக் கேட்டார் என்று வைத்தாள். இதை 14 மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. தினமும் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது அதை நினைத்துக்கொண்டே ஊட்டியிருக்கிறாள். ஒரு வேளைக் குழம்பால் வாதம் வராது, அது பல வருஷத்து பிரஷர் என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா தெரியவில்லை. "அந்தக் கொல்லர் கதையை இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள்.

மூன்றாம் நாள்

இன்று எங்கும் போகவில்லை.

விடியற்காலை 3.20. அலாரத்துக்கு முன்னால் நாற்றம் எழுப்பிவிட்டது. பெம்பர்ஸைத் தாண்டி விரிப்பு வரை நனைந்திருந்தது. லைட்டைப் போட்டதும் அத்தான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த கை அது, எனக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் அழுகிறார் என்பது தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நான் தனியாகச் செய்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஒப்பந்தத்தை மீறி அக்காவை எழுப்பினேன். வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், மூன்று சின்னத் துண்டு. "நீ தலைப் பக்கம் பிடி" என்றாள். முழங்காலை மடக்கி, இடுப்பில் ஒரு கை கொடுத்து அவரை ஒருக்களித்துச் சாய்த்தாள். நனைந்த விரிப்பை நீளவாக்கில் அவர் முதுகுவரை சுருட்டினாள், அதை ஒட்டியே புது விரிப்பைப் பாதி விரித்தாள். துடைத்தாள், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள், முதுகெலும்பு முடியும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று லைட்டை நெருக்கிப் பார்த்தாள். அப்புறம் மறுபக்கம் உருட்டி, பழையதை உருவி, புதியதை இழுத்துவிட்டாள். ஏழெட்டு நிமிஷம். இவ்வளவும் செய்துகொண்டே, கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்ட கதையை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தானின் முகம் மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது.

அவள் போய்ப் படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினயபிடகத்தில், அதன் மகாவக்கம் என்ற பகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு தன் மலஜலத்திலேயே கிடக்கிறார். புத்தரும் ஆனந்தரும் தங்குமிடங்களைச் சுற்றிப் பார்த்து வரும்போது அவரைக் காண்கிறார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று புத்தர் கேட்க, நான் மற்ற பிக்குகளுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்களும் என்னைக் கவனிப்பதில்லை என்கிறார் அவர். ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார் புத்தர். புத்தர் ஊற்றுகிறார், ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப் பக்கம் பிடிக்க, ஆனந்தர் கால் பக்கம் பிடிக்க, தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பல வருஷமாகத் தெரிந்த கதை. தலைப் பக்கம் பிடித்த கை இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது சரியாகப் புரிந்தது.

அதன் பின் பிக்குகளைக் கூட்டி அவர் சொல்கிறார்: உங்களைப் பார்த்துக்கொள்ள இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்? எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும். நம் மணிமேகலையிலும் ஆபுத்திரன் பிச்சை எடுத்த சோற்றை வைத்துக்கொண்டு, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து "பேணுநர் இல்லோர்" என்றும் ஒரு வகையைச் சேர்க்கிறான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதிருப்பதே ஒரு குறை என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது.

பணிவிடை செய்பவருக்கு ஐந்து தகுதிகள் வேண்டும் என்று புத்தர் அங்கேயே சொல்கிறார். மருந்து தயாரிக்கத் தெரிய வேண்டும், எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருக்க வேண்டும், ஆதாயம் கருதாமல் அன்பால் செய்ய வேண்டும், நேரம் பார்த்து நல்ல வார்த்தை பேசி மனசுக்குத் தெம்பு தர வேண்டும். இன்னொன்று, மலம், சிறுநீர், எச்சில், வாந்தி இவற்றை எடுக்க அருவருப்புப்படக் கூடாது. இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறார். இரவில் வாளியைத் தூக்கியவர்தான் இப்படிப் பெயர் சொல்ல முடியும். நோயாளி பிக்கு இறந்துபோனால் அவருடைய காவியையும் பாத்திரத்தையும் பார்த்துக்கொண்டவர்களுக்கே கொடுக்கவும் ஏற்பாடு செய்கிறார். பணிவிடையைப் பிக்குகளின் சங்கம் கணக்கில் வைத்துக்கொண்டது.

நோயாளிக்கும் தகுதிகள் உண்டு. வலி கூடினால் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது, அப்படியே இருந்தால் அப்படியே இருக்கிறது என்று பார்த்துக்கொள்பவரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. அத்தான் எதைக் கேட்டாலும் சிரமம் கொடுக்கக் கூடாது என்று தலையை ஆட்டிவிடுவார், எல்லாம் நன்றாக இருப்பதாக. இன்று மதியம் அவருடைய இடது கையைப் பிடித்து ஒரு ஏற்பாடு செய்தேன். உள்ளங்கை மேலே போனால் வலி கூடுகிறது, கீழே இறங்கினால் குறைகிறது, படுக்கை வசத்தில் நின்றால் அப்படியே. மூன்று தடவை செய்து காட்டினேன். அவர் கையை மேலே தூக்கினார். எங்கே என்று கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்த்தால் வலது தோள். தூக்கி உட்கார வைக்கும்போதெல்லாம் நாங்கள் அக்குளில் கைகொடுத்து இழுக்கிறோம், அது வலித்திருக்கிறது. வாதம் விழுந்த கையை அப்படி இழுக்கக் கூடாது என்று பிசியோ சொல்லியிருந்தாராம், அவசரத்தில் மறந்துபோய்விட்டது. இத்தனை மாதமாக.

நான்காம் நாள்

காம்பார் சாலையில் மகிந்தாராமம். சிங்களவர்கள் 1918இல் அமைத்த கோயில். அசோகரின் மகன் என்று சொல்லப்படும் மகிந்தரின் பெயர். அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாக எழுதியிருக்கிறார், மூலிகை இல்லாத இடங்களுக்குக் கொண்டுபோய் நடச் சொன்னதாகவும். அதில் எல்லைக்கு அப்பால் உள்ள நாடுகளாகச் சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்கிறார். நமக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. கிட்டத்து உறவும் உண்டு. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் சித்த வைத்தியர்.

நான் போனபோது ஒரு குடும்பம் தங்கள் பாட்டிக்காக பிரித் ஓதக் கேட்டு உட்கார்ந்திருந்தது. பிரித் என்பது காப்புக்காக ஓதும் சூத்திரங்கள். நோயாளிகளுக்கு போஜ்ஜங்க சூத்திரம் ஓதுவது வழக்கம். மகாகாசியபர் நோயில் கிடந்தபோது விழிப்புக்கு இட்டுச் செல்லும் ஏழு குணங்களைப் புத்தர் அவருக்கு நினைவூட்டினார், காசியபர் எழுந்தார் என்பது கதை. புத்தரே நோயுற்றபோது மகாசுந்தர் என்ற பிக்குவைச் சொல்லச் சொல்லி, தாம் படுத்தபடி கேட்டார் என்பது இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஓதி முடித்ததும் பிக்கு ஒரு வெள்ளை நூலைப் பாட்டியின் மணிக்கட்டில் கட்டினார். என்னைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். எனக்கு இரண்டு துண்டு நூல் கொடுத்தார். "நோயாளிக்கு ஒன்று, பார்த்துக்கொள்பவருக்கு ஒன்று." நான் எதுவும் கேட்காமலே.

ஒரு விஷயத்தை இங்கே எழுதியாக வேண்டும். அப்பா படுத்திருந்தபோது பார்க்க வந்த ஒருவர் கட்டில் பக்கத்திலேயே நின்று, "போன ஜென்மத்துல என்ன செஞ்சாரோ, இப்படி அனுபவிக்கிறார்" என்றார். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்று நான் பதில் சொல்லாமல் இருந்தேன், இன்றுவரை அது உறுத்துகிறது. போன தீபாவளிக்கு அத்தானைப் பற்றியும் ஒருவர் அதையே சொன்னாராம், அக்கா சமையலறையில் இருந்து கேட்டிருக்கிறாள்.

புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகர் என்ற நாடோடித் துறவி இதையே புத்தரிடம் கேட்கிறார். மனிதர் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முன்வினைதான் என்கிறார்களே, சரியா? இல்லை என்கிறார் புத்தர். பித்தத்தால் வரும் வேதனை உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் கூடி வருவது உண்டு. பருவ மாற்றத்தால், உடம்பைச் சரியாகப் பேணாததால், அடிபடுவதால் வருவதும் உண்டு. எட்டாவதாகத்தான் வினையைச் சொல்கிறார். எல்லாவற்றையும் முன்வினை என்பவர்கள் தாங்களே அனுபவத்தில் அறிந்ததையும் உலகம் உண்மை என்று ஒப்புக்கொண்டதையும் மீறிப் பேசுகிறார்கள், அது தவறு என்று முடிக்கிறார். வேறு இடங்களில் நோய்க்கு வினையும் காரணம் என்று சொன்னவரேதான் இப்படிச் சொல்கிறார். நோயாளியின் தலைமாட்டில் நின்று வினைக்கணக்குப் பார்ப்பது கொடுமை. அதை இனி யார் செய்தாலும் வெளியே கூட்டிப்போய்ச் சொல்வேன்.

நூலை இருவருக்கும் கட்டினேன். அக்கா தன் கையைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குடா" என்றாள். கழற்றவில்லை.

ஐந்தாம் நாள்

கெக் லோக் சி இங்கிருந்து நடக்கிற தூரம்தான். 1890 வாக்கில் கட்டத் தொடங்கிய மலைக்கோயில். மேலே கருணைத் தெய்வம் குவான்யினின் வெண்கலச் சிலை, 30 மீட்டருக்குச் சற்று அதிகம். வெயில் ஏறிவிட்டதால் ஆமைக் குளம் வரை மட்டும் சுற்றிவிட்டு இறங்கினேன். சீனக் கோயில்களில் சாக்கியமுனி புத்தருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் மருத்துவ புத்தரும் இருப்பார். வைடூரிய நீல நிறம், கையில் மருந்துக் கிண்ணம், 12 சபதங்கள். பௌத்தத்தின் மகாயானப் பிரிவில் நோய் தீர்ப்பதற்கென்றே ஒரு புத்தரை வைத்து வணங்குகிறார்கள்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டிக்கு சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். கட்டணம் இல்லாமல் ச்சு ச்சி மையத்தில் செய்துகொள்கிறார். தைவானில் 1966இல் செங் யென் என்ற பிக்குணி தொடங்கிய அமைப்பு, பினாங்கிலும் நீலச் சட்டை வெள்ளைக் கால்சட்டையில் அதன் தொண்டர்களைப் பார்க்கலாம். ஆண்ட்டியைப் பார்க்க இன்று இருவர் வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து அவருக்கு நகம் வெட்டிவிட்டு, எங்கள் வீட்டையும் எட்டிப் பார்த்தார்கள். அத்தானின் சக்கர நாற்காலியின் பிரேக் தளர்ந்திருப்பதைப் பார்த்து அங்கேயே முடுக்கிக் கொடுத்தார்கள். வாரம் ஒரு மதியம் வந்து இருக்கட்டுமா என்று அக்காவிடம் மலாயில் கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு போதனைத் தொகுப்பில் மூன்று வகை நோயாளிகள். மருந்தும் கவனிப்பும் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குணமாகிறவர், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குணமாகாதவர், கிடைத்தால் மட்டும் குணமாகிறவர். மூன்றாமவருக்காகத்தான் மருந்தும் உணவும் பணிவிடையாளும் ஏற்பட்டன, ஆனால் அவர் இருப்பதாலேயே மற்ற இருவரையும் கவனிக்க வேண்டும் என்று வருகிறது. அத்தான் இதில் யார் என்று டாக்டருக்கும் தெரியாது. மூவருக்கும் கஞ்சி ஒன்றுதான்: நன்றாகக் குழைத்து, கெட்டியாக, தலையைச் சற்று முன்னால் குனிய வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

ஆறாம் நாள்

காலை ஏழு மணிக்கே அக்கா எழுந்து இட்லி ஊற்றினாள். ஐந்து இரவு தூங்கிய முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மருமகளிடம் பேசிவிட்டேன்: சனி ஞாயிறு ஷிஃப்ட் இல்லாத இரவுகள் அவளுடையவை. மாதம் ஒரு முறை நான் வருவேன். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன், வலது தோளை இழுக்காதே என்று பெரிய எழுத்தில்.

போவதற்கு முன் ஆனந்தர் அழுத இடத்தை அக்காவுக்கும் அத்தானுக்கும் சொன்னேன். குசிநகரத்தில் புத்தர் படுத்துவிட்டார். ஆனந்தரைக் காணோம். எங்கே என்று கேட்கிறார். உள்ளே போய் கதவில் சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறார் என்கிறார்கள். கூப்பிட்டு அனுப்புகிறார். ஆனந்தா, நெடுங்காலம் உடலாலும் வாக்காலும் மனத்தாலும் அன்போடு எனக்கு நீ செய்தாய் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். ஆனந்தர் செய்தது 25 வருஷம்.

அத்தானிடம் குனிந்து, தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உள்ளங்கை கொஞ்சம் இறங்கியது. குறைந்திருக்கிறது. கையைக் கீழே வைக்காமல் அப்படியே அக்கா பக்கம் நீட்டினார். மேலே தூக்கினார், இறக்கினார், படுக்கை வசத்தில் நிறுத்தினார், அவள் முகத்தையே பார்த்தார்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "என்னங்க, வலிக்குதா?" என்றாள். அவர் இல்லை என்று தலையசைத்து, நூல் கட்டிய அந்தக் கையாலேயே அவளைத் தொட்டுக் காட்டினார். மறுபடியும் மேலே, கீழே, நடுவில்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாக இறக்கிக் காட்டினாள்.